மேனேஜர் தின்றது எத்தனை

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஒருத்தி தன் ஓரகத்தியைப் பற்றி நல்லதாகப் பேச ஆரம்பித்தால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும் என்று நினைப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமாகி வந்த பதினாலு வருஷத்தில் முதல் பதின்மூன்று வருஷம் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. இப்போதும் ஈருடல் ஓருயிர் என்றெல்லாம் இல்லை. ஆனால் என் காதுபட யாராவது அவளைப் பைத்தியம் என்று சொல்லட்டும், அப்புறம் தெரியும் நான் யாரென்று.

என் கணவருக்கு இரண்டு அண்ணன்கள். மூத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்களுக்கு அவர் பெரிய அத்தான். பள்ளிக்கூடத்திலிருந்துதான் ஓய்வு பெற்றாரே தவிர, தலைமையிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. நடு அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவர். அவர் மனைவிதான் நான் சொல்ல வந்த ஆள். பெரிய மருத்துவமனை ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ். வீட்டில் எல்லோருக்கும் அவள் நர்ஸக்கா.

தியேட்டரில் அவளுக்கு வேலை எண்ணுவது. டாக்டர் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மேஜையில் எத்தனை பஞ்சுத்துணி, எத்தனை ஊசி, எத்தனை கத்தரி என்று உரக்க எண்ண வேண்டும். இன்னொரு நர்ஸ் அதைச் சுவரில் இருக்கும் பலகையில் எழுதுவாள். வயிற்றை மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ண வேண்டும். தோலைத் தைக்கும்போது இன்னொரு தடவை. எண்ணிக்கை இடித்தால் மூடக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். சொல்லக் கேட்டால் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஒரு தடவை ஒரு பஞ்சுத்துணி குறைந்தது. டாக்டர் பெரிய ஆள், அடுத்த ஆபரேஷனுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. அந்தத் துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டது தனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூடலாம் என்றார். இவள் தையல் ஊசியை அவர் கையில் கொடுக்கவே இல்லை. தொட்டியைத் தரையில் கவிழ்த்து, ரத்தத் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக அடுக்கிக் காட்டினாள். அதில் இல்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். துணி நோயாளியின் வயிற்றுக்குள் குடல் மடிப்பில் இருந்தது. அந்த டாக்டர் ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. நன்றி சொல்லியிருப்பார் என்று நினைத்தீர்களா? அன்றிலிருந்து அங்கே அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'இன்னொண்ணு எங்கே' என்றுதான் பெயர்.

அவள் அடிக்கடி சொல்வாள்: "சொல்றது எண்ணிக்கை இல்ல. காட்டுறதுதான் எண்ணிக்கை."

சரி, தியேட்டரில் எண்ணட்டும். வீட்டிலும் எண்ணினால்? ஸ்பூன் எண்ணுவாள், ஊக்கு எண்ணுவாள், துணி காயப்போடும் கிளிப்பை எண்ணுவாள். நான் கல்யாணமான புதுசில் அவள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் குறைகிறது என்றாள். குடும்பமே அங்கே நின்றது. அவள் நேராகப் போய் என் சாப்பாட்டுப் பையைப் பிரித்து, டப்பாவோடு ஒட்டிக்கொண்டு போயிருந்த ஸ்பூனை எடுத்தாள். எடுத்துக் கழுவி அடுக்கில் வைத்துவிட்டு, "பதினெட்டு" என்றாள். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னைத் திருடி என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள் என்று பதின்மூன்று வருஷம் மனசில் வைத்துக் கறுவினேன்.

எனக்கும் இந்த வீட்டில் ஒரு வேலை உண்டு. பூசி மெழுகுவது. எங்கே சண்டை வந்தாலும் நடுவில் புகுந்து, நான்தான் செய்தேன், என் தப்புதான், விடுங்கள் என்று முடித்துவைப்பேன். தட்டு உடைந்தால் நான். பால் திரிந்தால் நான். என் கணவருக்கு இதில் பெருமை. என் பெண்டாட்டி வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு சண்டைகூட சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

இனி மேனேஜரைப் பற்றி. மேனேஜர் ஒரு நாய். குட்டையான கால், பழுப்பு நிறம், எட்டு கிலோ எடை. யாரோ ஒரு விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்து, விடுமுறை முடிந்ததும் மருத்துவமனை வாசலில் அட்டைப் பெட்டியோடு விட்டுவிட்டுப் போன குட்டி. நர்ஸக்கா வேலை முடிந்து வரும்போது பெட்டியோடு தூக்கி வந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒவ்வொருவர் பையையும் மோந்து பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் லிஃப்ட் மெக்கானிக் அத்தான் வைத்த பெயர் அது. அவர் வாழ்க்கையில் அடித்த ஒரே ஜோக்கும் அதுதான்.

வருஷக் கடைசி விடுமுறைக்கு மூன்று குடும்பமும் ஒரு வீட்டில் கூடுவது எங்கள் வழக்கம். போன வருஷம் நர்ஸக்கா வீட்டு முறை. பெரிய அத்தான் ஒரு வாரம் முன்னாலேயே போன் போட்டு, நாயைப் பத்து நாள் எங்கேயாவது விடுதியில் விட்டுவிடச் சொன்னார். பிள்ளைகள் வருவார்கள், விருந்தாளிகள் வருவார்கள், முடி உதிரும், சுத்தம் இருக்காது என்றார். நர்ஸக்கா ஒரே வரியில் பதில் சொன்னாளாம்.

"அவன் இந்த வீட்டு ஆள் அத்தான். விருந்தாளி நாமதான்."

நாங்கள் போய் இறங்கியபோது குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விடுமுறை முடியும்வரை வீட்டில் நடக்க வேண்டிய விதிகள். வாசல் கதவைத் திறப்பதற்கு முன்னால் நாய் எங்கே என்று பார்க்க வேண்டும். பலூன், ரிப்பன், விளக்கு ஒயர் எதுவும் முழங்காலுக்குக் கீழே தொங்கக் கூடாது. சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை போட்ட கேக், வெங்காயம், எலும்பு, எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கடைசியில் சிவப்புப் பேனாவில், சர்க்கரை இல்லாத மிட்டாயும் சூயிங்கமும் நாய்க்கு விஷம் என்று எழுதியிருந்தது. விருந்தாளிகள் இருக்கும் நேரத்தில் மேனேஜர் பின்னறையில் இருப்பான், தண்ணீரும் படுக்கையும் ரேடியோவும் அங்கேயே இருக்கும், அந்தக் கதவை அவளைத் தவிர யாரும் திறக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பெரிய அத்தான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிழையைப் பார்த்தாரே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. நாய்க்குத் தனி அறை, ரேடியோ. தலைமையாசிரியருக்கு ஹாலில் பாய் என்று கிண்டல் செய்தார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதை என்று பழமொழி வேறு.

"குளிப்பாட்டித்தான் வச்சிருக்கேன்" என்றாள் நர்ஸக்கா. "வேணும்னா போய் மோந்து பாருங்க."

எள்ளும் கொள்ளும் வெடித்தது அவர் முகத்தில். வழக்கம்போல நான் நடுவில் புகுந்து, காபி ஆறுகிறது என்று எல்லோரையும் சமையலறைப் பக்கம் ஓட்டினேன்.

விருந்து நாளன்று மொத்தம் பன்னிரண்டு பேர். பெரிய அத்தானின் பழைய மாணவர் ஒருவர் காலையிலேயே வந்து அவருக்கு ஒரு தகர டப்பா மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அத்தானுக்குச் சர்க்கரை நோய். எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அதுதான் சொத்து. எனவே சர்க்கரை இல்லாத மிட்டாய். நர்ஸக்கா டப்பாவின் பின்பக்கத்தை வெகுநேரம் படித்தாள். அப்புறம் மூடியைத் திறந்து, ஒன்று இரண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் எண்ணினாள். முப்பது. அலமாரியின் மேல்தட்டில் வைத்து, தாளில் முப்பது என்று குறித்தாள்.

தன் மிட்டாயைத் தன் கண்ணெதிரிலேயே எண்ணுகிறாளே என்று பெரிய அத்தானுக்கு வந்ததே கோபம். எழுந்து கழிப்பறைக்குப் போனார். சர்க்கரை நோய்க்காரர், அரை மணிக்கு ஒரு தடவை போவார், யாரும் கண்டுகொள்வதில்லை. கழிப்பறை பின்னறைக்கு அடுத்த கதவு என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. சத்தியமாக நானும் நினைக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும். என் பெண்ணும் பெரிய அத்தானின் பேரப்பிள்ளைகளும் பலூனைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். குடும்பப் போட்டோ எடுக்க வேண்டும், எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று பெரிய அத்தான் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நர்ஸக்கா டப்பாவை இறக்கி எண்ணினாள். இருபத்துநான்கு.

"ஆறு குறையுது. யார் எடுத்தது?"

இரண்டு தான் தின்றதாகப் பெரிய அத்தான் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள், தொடவில்லை என்று. மீதி நாலு எங்கே என்று அவள் கேட்டாள். பெரிய அத்தான் குரலை உயர்த்தினார். நாற்பது வருஷம் ஆயிரம் பிள்ளைகளைக் கட்டி மேய்த்தவனை, தனக்கு வந்த மிட்டாய்க்குப் பதில் சொல்லச் சொல்கிறாளே என்றார். பெரியக்கா, அதாவது அவர் மனைவி, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நல்ல நாளும் அதுவுமாக இது தேவையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை மனப்பாடம். முடித்துவிடு என்று அர்த்தம்.

"நான்தான்க்கா எடுத்தேன்" என்றேன். "நாலும் நான்தான். விடுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் தாளில் நாலு என்று எழுதி, பக்கத்தில் என் பெயரைக் குறித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஹாலில் எல்லோரும் மூச்சுவிட்டார்கள். என் கணவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். வாங்கிக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

கால் மணி நேரம் போயிருக்கும். நர்ஸக்கா சமையலறையிலிருந்து குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், கையில் ரப்பர் உறை. ஹாலுக்கு நடுவில் பழைய செய்தித்தாளை விரித்தாள். நல்ல சட்டையும் பட்டும் உடுத்தி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த பன்னிரண்டு பேர் முன்னால், கூடையை அப்படியே கவிழ்த்தாள்.

முட்டை ஓடு, காய்த்தோல், எச்சில் காகிதத் தட்டு, கேக் உறை, நாற்றம். பெரியக்கா மூக்கைப் பொத்திக்கொண்டாள். நர்ஸக்கா ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள், அவசரமே இல்லாமல். கடைசியில் இரண்டு பச்சை மிட்டாய்க் காகிதங்களை எடுத்துத் தனியாக வைத்தாள். நாலாக மடித்த காகிதங்கள். அப்படி மடிப்பது பெரிய அத்தானின் பழக்கம்.

"ரெண்டு அத்தானோடது. உன் நாலு எங்க?"

எங்கேயோ போட்டேன் என்றேன். எங்கே என்றாள். ஞாபகம் இல்லை என்றேன். என் கணவர் குறுக்கே வந்து, காகிதத்துக்கெல்லாமா அண்ணி சண்டை போடுவீர்கள் என்று சிரித்தார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

"நீ தின்னிருந்தா எனக்குச் சந்தோஷம். நீ தின்னலைன்னா என் நாய் தின்னிருக்கு. இதுல இருக்கற சைலிட்டால்ங்கற சாமான் உனக்கு ஒண்ணும் செய்யாது. அவனுக்கு ஒரு மணி நேரத்துல சர்க்கரையை இறக்கி ஆளையே சாய்ச்சிடும். நல்லா யோசிச்சுச் சொல்லு. தின்னியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாயில் பொய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். எடுக்கவும் இல்லை, சண்டை முடியட்டும் என்று சொன்னேன் என்றேன். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள்.

மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு, கையை நக்கிக்கொண்டு வந்தான். பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறது, இதற்குப் போய் வீட்டையே நாறடித்துவிட்டாளே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நாய் நன்றாக இருந்ததுதான் அவர்களுக்குச் சாட்சி. அவள் காதில் வாங்கவில்லை. விடுமுறையிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். ஒரு பெண் டாக்டர் பேசினார். எடை எவ்வளவு, எந்த மிட்டாய், எப்போது தின்றது என்று வரிசையாகக் கேட்டார். முக்கியமாக, எத்தனை? ஒன்றிரண்டு என்றால் ஒரு மாதிரி, அதிகம் என்றால் ஈரலே போய்விடும், அதற்கு வேறு மருந்து, எத்தனை என்று சரியாகத் தெரியாமல் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

நர்ஸக்கா நேராகப் பெரிய அத்தான் முன்னால் போய் நின்றாள்.

"அத்தான். நீங்கதான் அந்தப் பக்கம் போயிட்டுப் போயிட்டு வந்தீங்க. எத்தனை குடுத்தீங்க?"

பெரிய அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கையைச் சட்டைப் பைமேல் வைத்துக்கொண்டு.

"நாலு" என்றார் கடைசியில். "அது உள்ள கிடந்து முனகுது, பாவமா இருந்துச்சு. சர்க்கரை இல்லாததுதானே குடுத்தேன். எனக்கே டாக்டர் அதைத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்."

உண்மையைச் சொல்கிறேன், அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. நாய் வேண்டாம் என்று ஊரைக் கூட்டியவர், கழிப்பறைக்குப் போகிற சாக்கில் அந்தக் கதவைத் திறந்து திறந்து மிட்டாய் ஊட்டியிருக்கிறார். இனிப்பு நாய்க்கு ஆகாது என்று அவருக்கும் தெரியும், அதனால் தனக்கு நல்லது எதுவோ அதைக் கொடுத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்.

ஆறு குறைந்தது. இரண்டு அவர் தின்றது, நாலு நாய் தின்றது. எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது. நர்ஸக்கா போனில் நாலு என்று சொன்னாள். டாக்டர், கொண்டு வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். லிஃப்ட் அத்தான் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

நான் மட்டும் பெரிய அத்தானின் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பதில் சொன்ன பிறகும் அந்தக் கை பையைவிட்டு இறங்கவில்லை. கண்ட இடத்தில் குப்பை போடாத மனுஷர் அவர். பின்னறைப் பக்கம் கூடை கிடையாது. நாலு காகிதத்தை மடித்து எங்கே வைத்திருப்பார்? ஆனால் நாலு காகிதத்துக்கு அந்தச் சட்டைப் பை ஏன் இத்தனை புடைத்திருக்கிறது?

சொன்னது போதும் என்று எல்லோரும் கிளம்பினார்கள். நானும் அப்படித்தான் பதின்மூன்று வருஷம் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அத்தான், பையைக் காட்டுங்க" என்றேன்.

இந்த வீட்டில் நான் அவர் எதிரில் உட்கார்ந்துகூட பேசியதில்லை. அவர் காதில் விழாதது போல இருந்தார். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். பெரியவர் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன சோதனை, அவர் என்ன திருடனா என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. என் சாப்பாட்டுப் பையை அன்று எல்லோர் முன்னிலையிலும் பிரித்தபோது என் கணவர் மூலையில் நின்று சுவரைப் பார்த்தவர்தானே.

"எத்தனை பிள்ளைங்க பையைக் காட்டச் சொல்லியிருப்பீங்க அத்தான், நாற்பது வருஷத்துல? இப்ப நீங்க காட்டுங்க. காட்டுற வரைக்கும் யாரும் இந்த வாசலைத் தாண்ட வேண்டாம்."

வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். நர்ஸக்கா நாயோடு எனக்கு முன்னால் நின்றாள். நகரச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் திரும்பிப் பெரிய அத்தானைப் பார்த்தாள்.

யாரும் எதிர்பார்க்காமல் பெரியக்கா எழுந்தாள். கணவரின் பைக்குள் கையை விட்டு, உள்ளே இருந்ததை எல்லாம் அள்ளி மேஜைமேல் வைத்தாள். பேனா, மூக்குக்கண்ணாடித் துணி, காலியாகிப் போன ஒரு சின்ன மிட்டாய்ப் பொட்டலம். அதே மிட்டாய்தான், அவர் எப்போதும் சொந்தமாகப் பையில் வைத்திருப்பது. டப்பாவில் இல்லாதது, நர்ஸக்காவின் எண்ணிக்கைக்குள் வராதது. பிறகு நாலாக மடித்த பச்சைக் காகிதங்கள். நர்ஸக்கா நாயை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி உரக்க எண்ணினாள்.

பதினொன்று.

பையிலிருந்தது ஏழு. தீர்ந்துபோனதும் டப்பாவிலிருந்து நாலு. அத்தனையும் நாய்க்குத்தான் கொடுத்தேன் என்று பெரிய அத்தான் மெல்லச் சொன்னார். ஏன் நாலு என்று சொன்னீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாலு என்றால் கணக்கு முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது நன்றாகவே புரிந்தது.

காரில் நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். யாரும் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நர்ஸக்கா மறுபடி போன் போட்டுப் பதினொன்று என்றாள். டாக்டரின் குரல் மாறிவிட்டது. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வாருங்கள், குளுக்கோஸ் ஏற்றத் தயாராக வைக்கிறேன், ஈரலுக்கும் மருந்து உடனே ஆரம்பிக்க வேண்டும் என்றார். இரண்டாவது சிக்னலில் மேனேஜர் தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. கால்கள் துவண்டு போயின. அரை மணிக்கு முன்னால் வாலை ஆட்டிய நாய். நர்ஸக்கா எட்டு கிலோவையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேறு பேச்சே இல்லாமல் அவன் மூச்சை எண்ணிக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் ரத்தச் சர்க்கரை பார்த்ததும் டாக்டர் ஊசியை எடுத்தார். முன்னங்காலில் மயிரைச் சிரைத்துக் குழாயைச் செருகினார்கள். வேலை ஓய்ந்த பிறகு வெளியே வந்து சொன்னார். நாலு என்று நினைத்திருந்தால் சர்க்கரையை மட்டும் கவனித்திருப்பேன், நாய் தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், இரண்டு நாள் கழித்து ஈரல் போனபின் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்றார். மேனேஜர் மூன்று நாள் அங்கேயே இருந்தான். ஈரல் பரிசோதனை எண்கள் ஏறின, பயமுறுத்தின, மூன்றாம் நாள் இறங்க ஆரம்பித்தன. பிழைத்துவிட்டான்.

அன்று மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நர்ஸக்கா என்னிடம் பேசினாள்.

"நீ பொய் சொன்னதுல எனக்குக் கால் மணி நேரம் போச்சு. அதை நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேண்டாம்க்கா" என்றேன்.

"கதவுல நின்னியே, அதையும்தான்."

அவ்வளவுதான் பேச்சு. நான் அழுதேன். அவள் அழவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டினாள்.

போட்டோ எடுக்கவில்லை. பெரிய அத்தான் குடும்பம் அன்று மாலையே கிளம்பிப் போய்விட்டது. நாய் பிழைத்தது என்று தெரிந்ததும் அவர் பெரியக்கா மூலம் விசாரித்தார், எடை எவ்வளவு, சாப்பிடுகிறதா என்று. ஆனால் என்மேல் அவருக்கு ஆறவே இல்லை. பன்னிரண்டு பேர் முன்னால் தன் பையைச் சோதனை போட வைத்தவள் மன்னிப்புக் கேட்கும்வரை குடும்பம் கூடாது என்று சொல்லியனுப்பினார். நர்ஸக்காவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவளைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்திருக்கும். நான்தானே எப்போதும் இறங்கி வருகிறவள்.

இதோ இந்த வருஷ விடுமுறை நெருங்குகிறது. என் கணவர் ஒரு மாதமாக என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நேற்றுக் காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து உட்கார்ந்து, அண்ணனுக்கு வயசாகிறது, நாய்தான் நல்லபடியாக இருக்கிறதே, இன்னும் எதற்கு வீம்பு என்று ஆரம்பித்தார். கையோடு போனையும் நீட்டினார். மறுமுனையில் பெரிய அத்தான் காத்திருந்தார்.

"என் தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிடேன். சும்மா, வாய் வார்த்தைக்கு. எல்லாம் முடிஞ்சிடும்."

நான் போனை வாங்கினேன்.

"அத்தான், உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு? விடுமுறைக்கு வாங்க, நானே சமைச்சுப் போடுறேன். ஆனா அன்னைக்குப் பையைக் காட்டச் சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன். நான்தான் எடுத்தேன்னு அன்னைக்கும் வாய் வார்த்தைக்குத்தான் சொன்னேன். அந்த வாய் வார்த்தைக்கு மேனேஜர் மூணு நாள் குழாயோட கிடந்தான். இனிமே என்கிட்ட வாய் வார்த்தை கிடையாது."

அவர் போனை வைத்துவிட்டார். என் கணவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனார், சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல். போகட்டும். பசித்தால் வந்து எடுத்துக்கொள்வார்.